இல்லமும் இயந்திரமும்: பழுது எங்கே இருக்கிறது?



சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்த மடல்களுள் மூன்றினை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். தில்லி மயூர் விஹாரிலுள்ள அன்பர் ஒருவர், ஞாயிறுதோறும் மாலையில் தஞ்சையிலிருக்கும் பெற்றோருடன் முகம் பார்த்துப் பேசுகையில், பாதிப் பேச்சில் படம் உறைந்து குரல் அறுந்துபோகிறது என்று வருந்துகிறார். ஆமதாபாத் மணிநகரிலிருந்து எழுதும் நேயர், மாடியறையில் படிக்கும் மகனுக்காக இரண்டாவது ரூட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தியது முதல், முன்பு ஒழுங்காக இருந்த கீழ்த்தளத்திலும் இணையம் வருவதும் போவதுமாக இருக்கிறது என்கிறார். மும்பை செம்பூரிலிருந்து எழுதும் சகோதரியாரின் இல்லத்துக் கணினியில் வங்கியின் பக்கம் திறக்க மறுக்கிறது. கடையில் கேட்டதற்கு, கணினி பழையதாகிவிட்டது, புதியதே வாங்குங்கள் என்று கூறிவிட்டார்களாம்.

மூன்று மடல்களும் ஒரே வினாவுடன் முடிகின்றன: "புதியது வாங்கிவிடலாமா?" மூவர்க்கும் என் விடையும் ஒன்றே: சற்றுப் பொறுங்கள். பணப்பையைத் திறக்குமுன், பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ளுங்கள். இடம் தெரியாமல் வாங்கும் புதிய பொருள், தலைவலிக்குக் காலில் கட்டும் பற்றுப் போன்றது. பொருளும் செலவாகும், வலியும் தீராது.

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்த நமக்கு இந்தக் கம்பி வெறும் கம்பியன்று. முன்னாளில் தபால்காரரின் வரவை நோக்கி வாசலில் நின்றோம். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபொழுது, அது தொலைபேசிக் கம்பி வழியே முக்கி முனகிக்கொண்டு வந்தது. இன்றோ மெல்லிய கண்ணாடி இழை வழியே ஒளியாக வருகிறது. அன்னையின் முகமும் அதில் வருகிறது; மகளின் தேர்வும் அதில் நடைபெறுகிறது; மாதச் சம்பளமும் அதில்தான் வந்து சேருகிறது. ஆதலின் அது நின்றுபோனால் வீடே பதறுவதில் வியப்பில்லை. அந்தப் பதற்றமே நம்மைத் தவறான கடைக்கும், சில வேளை தவறான மனிதரிடத்திற்கும் இட்டுச் செல்கிறது.

வழியை அறிந்துகொள்வோம்

தெருவிலிருந்து உங்கள் கையிலுள்ள தொலைபேசிவரை இணையம் வரும் வழியை ஐந்து நிலையங்கள் கொண்ட ரயில் பாதையாக எண்ணிக்கொள்ளுங்கள். முதலாவது, வெளியிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வரும் கண்ணாடி இழை. இரண்டாவது, அந்த இழை வந்து முடியும் பெட்டி, ஓ.என்.டி. என்பார்கள். ஒளியை மின்குறியாக மாற்றுவது அதன் வேலை. மூன்றாவது ரூட்டர், வந்த ஓர் இணைப்பை வீட்டிலுள்ள கருவிகளுக்கெல்லாம் பங்கிட்டுத் தருவது. பெரும்பாலான வீடுகளில் இவ்விரண்டும் ஒரே பெட்டியில் அடங்கிவிடுகின்றன. நான்காவது, ரூட்டருக்கும் கருவிக்கும் இடையிலுள்ள வழி. அது லான் கேபிளாக இருக்கலாம், அல்லது வைஃபை எனப்படும் வானொலி அலையாக இருக்கலாம். ஐந்தாவது, கணினி அல்லது தொலைபேசி.

ரயில் வரவில்லையெனில் எந்த நிலையம்வரை வந்தது என்றுதானே முதலில் விசாரிக்கிறோம்? இங்கும் அதையே செய்தல் வேண்டும். விசாரிக்கும் முறை மிக எளிது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் என்ன ஆயிற்று என்று பாருங்கள். பார்த்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். இரண்டு மூன்றை ஒருங்கே மாற்றினால், சரியானாலும் எதனால் சரியாயிற்று என்பது விளங்காது. அடுத்த மாதம் அதே பழுது திரும்பும்போது பழையபடி இருளில் தடவ வேண்டியிருக்கும்.

முதல் வினா: பழுது ஒரு கருவியிலா, எல்லாக் கருவிகளிலுமா? தந்தையின் தொலைபேசியில் இணையம் வருகிறது, மகனின் கணினியில் மட்டும் வரவில்லை என்றால், தெருவும் இழையும் பெட்டியும் நலமாக உள்ளன என்பது அக்கணமே உறுதியாகிறது. சோதிக்கும்போது தொலைபேசியின் சிம் கார்டு வழி இணையத்தை நிறுத்திவைக்க மறவாதீர்கள். இல்லையேல் வைஃபை செத்திருக்கும்போது சிம் கார்டு வேலை செய்து உங்களை ஏமாற்றிவிடும். எல்லாக் கருவிகளிலும் இல்லையென்றால் ரூட்டரையும் அதற்கு அப்பாலுள்ளதையும் நோக்குங்கள்.

பெட்டியின் விளக்குகள் பேசும்

பெட்டியின் முகப்பிலுள்ள சிறு விளக்குகளைப் பலர் அலங்காரம் என்றே எண்ணியிருக்கிறார்கள். அவையே அதன் நாடி. எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்குச் சிவப்பாக எரிந்தாலும் மினுக்கினாலும், இழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். அந்நிலையில் கடவுச்சொல்லை மாற்றுவதாலும் கணினியை அணைப்பதாலும் யாதொரு பயனுமில்லை. இழை எங்கேனும் மடங்கியிருக்கிறதா, கட்டிலின் காலோ அலமாரியோ அதை நசுக்குகிறதா என்று மட்டும் பாருங்கள். செம்புக் கம்பியை வளைப்பதுபோல் கண்ணாடி இழையை வளைத்தல் ஆகாது. கூர்மையாக வளைந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். இழையின் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்து நோக்கவே கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாத வகையைச் சேர்ந்தது. தெரியாததனால் தீங்கற்றது என்று கொள்வது பேதைமை.

வடநாட்டு நகரங்களில் வாழும் தாய்மார்கள் பலர், ஊழியரிடம் இந்தியில் விளக்கத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். "ரூட்டர் பர் லால் பத்தீ ஜல் ரஹீ ஹை" என்ற ஒரே வாக்கியம் போதும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது என்பது இதன் பொருள். "இணையம் வரவில்லை" என்று பத்து நிமிடம் சொல்வதைவிட இச்சொற்கள் அவருக்குத் தெளிவான செய்தி. அணைத்துப் போடுங்கள் என்று சொல்லித் தட்டிக் கழிக்கவும் அவரால் இயலாது.

விளக்கே எரியவில்லையென்றால் ஐயம் மின்சாரத்தின்மேல் விழ வேண்டும். சுவர்ப் பிளக்கில் மேசை விளக்கு ஒன்றைச் செருகிப் பாருங்கள். அது எரிந்தால் அடாப்டரைச் சோதியுங்கள். ஓயாது இயங்கும் பெட்டியில் முதலில் தளர்வது பெரும்பாலும் இந்தச் சிறு அடாப்டரே. முற்றும் சாகாமல் நலிந்துபோன அடாப்டர் இன்னும் பொல்லாதது. விளக்குகள் எரியும், ஆயினும் பெட்டி தானே அணைந்து அணைந்து எழும். மாற்று அடாப்டர் வாங்கும்போது, பழையதன்மேல் அச்சிட்டுள்ளதைப் படியுங்கள். வோல்ட் எண் அதேயாக இருத்தல் வேண்டும். 12 என்றால் 12தான், 9 ஆகாது. ஆம்பியர் எண் அதே அளவோ மிகுதியாகவோ இருக்கலாம்; குறையலாகாது. செருகும் முனையின் பருமனும், நேர் எதிர் முனைகளின் அமைப்பும் ஒத்திருத்தல் வேண்டும். முனை பொருந்திவிட்டது என்பதற்காக வீட்டில் கிடக்கும் ஏதோவொரு அடாப்டரைச் செருகிப் பெட்டியையே கருக்கியோர் உண்டு.

"அணைத்துப் போடு" என்னும் அறிவுரை நகைப்புக்கு உள்ளாவது வழக்கம். ஆயினும் அதில் நியாயம் இருக்கிறது. ரூட்டர் என்பது ஒரு சிறு கணினி. நெடுநாள் ஓயாது ஓடுகையில் அதன் நினைவகத்தில் குழப்பம் சேர்ந்து செயல் முடங்குவதுண்டு. அணைத்தால் அது துடைக்கப்படுகிறது; நிறுவனத்திடமிருந்து முகவரியையும் புதிதாகக் கேட்டுப் பெறுகிறது. முறையாகச் செய்யுங்கள்: ஸ்விட்சை அணைத்து ஒரு முழு நிமிடம் பொறுத்துப் போடுங்கள், இரண்டு பெட்டிகள் இருந்தால் இழை வரும் பெட்டியை முதலில் போட்டு, அதன் விளக்குகள் நிலைத்தபின் ரூட்டரைப் போடுங்கள். ஆனால் நாள்தோறும் அணைத்துப் போட வேண்டியிருக்குமாயின் அது மருந்தாகாது. நோய் வேறிடத்தில் இருக்கிறது.

மயூர் விஹார் அன்பருக்கு

தங்கள் வீட்டில் 300 மெகாபிட் வேகத்திற்குப் பணம் கட்டுவதாக எழுதியுள்ளீர்கள். முகம் பார்த்துப் பேசுவதற்குச் சில மெகாபிட்களே போதும். எனவே குறை வேகத்தில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. அதே தொலைபேசியுடன் ரூட்டருக்கு ஒரு கஜ தூரத்தில் நின்று பேசிப் பாருங்கள். அங்கே தடையின்றி வந்து, உள்ளறையில் மட்டும் அறுந்துபோனால், பழுது நான்காம் நிலையத்தில்: வைஃபை அலையில்.

வைஃபை இரண்டு அலைவரிசைகளில் பெரிதும் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு ஊடுருவித் தொலைவு செல்லும். ஆனால் அண்டை வீடுகளின் அலைகளுடன் நெரிசல்படும். அதன் தடங்களுள் 1, 6, 11 ஆகிய மூன்றே ஒன்றோடொன்று உரசாதவை. ஒரே கட்டடத்தில் இருபது குடும்பங்கள் ஞாயிறு மாலையில் அம்மூன்று தடங்களில் நெருக்கியடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சமையலறையிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலையைத்தான் பயன்படுத்துகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் நெரிசல் குறைவு, வேகம் மிகுதி. ஆனால் அது கான்கிரீட் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும்.

ஆதலின் முதற்செயல் கடைக்குச் செல்வதன்று, பெட்டியை இடம் மாற்றுவது. தொலைக்காட்சிக்குப் பின்னும், இரும்பு அலமாரியின் மேலும், நிலைக்கண்ணாடிக்கு அருகிலும் ரூட்டரை வைக்காதீர்கள். உலோகமும் கண்ணாடியின் பூச்சும் அலையைத் திருப்பிவிடும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த வெளியில் வையுங்கள். பெற்றோருடன் பேசுகையில் ரூட்டர் இருக்கும் அறையிலேயே அமர்ந்து 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் இணைந்துகொள்ளுங்கள்.

ரூட்டரின் அருகிலும் பேச்சு அறுந்தால், கணினியை லான் கேபிளால் ரூட்டருடன் நேரே இணைத்துச் சோதியுங்கள். கேபிள் வழியிலும் அறுந்தால் வைஃபையின்மேல் பழி இல்லை. அப்போது வீட்டில் வேறு யாரேனும் பெருங்கோப்பு எதையேனும் வெளியே அனுப்புகிறார்களா என்று பாருங்கள். ஞாயிறு எடுத்த படங்களையெல்லாம் தொலைபேசிகள் தாமே சேமிப்பகத்திற்கு ஏற்றிக்கொண்டிருப்பதை நாம் உணர்வதில்லை. வெளிச்செல்லும் வழி அடைபட்டால் உள்வரும் பேச்சும் தடுமாறும்.

இன்னொன்றும் உண்டு. கேபிளில் சோதிக்கையில் 300க்கு மாறாக எப்போதும் 94 மெகாபிட் அளவிலேயே வேகம் நின்றுவிடுகிறதா? அது தற்செயலன்று. லான் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. 1000 மெகாபிட் வேகத்திற்கு நான்கு இணைகளும் வேண்டும்; 100 மெகாபிட்டிற்கு இரண்டே போதும். மற்ற இரண்டு இணைகளில் ஒரு கம்பி அறுந்தாலும் கருவிகள் சத்தமின்றி 100க்கு இறங்கிக்கொள்ளக்கூடும்; மேற்செலவு போக நமக்குக் கிட்டுவது 94க்கு அண்மையில். கேபிளை மாற்றினால் தீர்ந்தது. ஒரு முனையிலுள்ள கருவி 100க்கு மேல் தாங்காத பழைய வகையாயினும் இதே எண்தான் வரும்; அதையும் பார்த்துக்கொள்க. மேலும், மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பில் கோப்பு ஒன்று விநாடிக்கு 12 மெகாபைட் அளவில் இறங்கினால் நிறுவனம் ஏமாற்றவில்லை என்று அறிக.

மணிநகர் நேயருக்கு

ரூட்டரின் தொழில்களுள் ஒன்று, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் கதவு எண்போல் ஒரு முகவரி வழங்குவது. 192.168 என்று தொடங்கும் எண்களைக் கண்டிருப்பீர்கள், அவையே. தங்கள் இல்லத்தில் இப்போது இரண்டு அதிகாரிகள் ஒரே தெருவிற்குக் கதவு எண் வழங்குகிறார்கள் என்று ஐயுறுகிறேன். இருவரும் ஒரே எண்ணை இரு வீடுகளுக்குத் தந்தாலோ, ஒருவர் தவறான வாயிலைக் காட்டினாலோ குழப்பம் வராமல் என் செய்யும்?

தீர்வு எளியது; செலவும் இல்லை. இரண்டாவது ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அக்ஸஸ் பாயின்ட் என்னும் முறை இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் அது முகவரி வழங்காமல் அலையை மட்டும் பரப்பும். அம்முறை இல்லாத பழைய ரூட்டராயின், மூன்று செயல்கள்: முதல் ரூட்டரின் எண்ணினின்று வேறான, முதல் ரூட்டர் பிறருக்கு வழங்காத எண் ஒன்றை இதற்குத் தாருங்கள், டி.எச்.சி.பி. எனப்படும் முகவரி வழங்கும் பணியை இதில் நிறுத்துங்கள். கீழிருந்து வரும் கேபிளை வான் என்று குறித்த துளையில் செருகாமல் லான் துளைகளுள் ஒன்றில் செருகுங்கள்.

முகவரியைப் பற்றி மற்றொரு குறிப்பும் கூறுவேன். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அது கேட்டும் எவரும் முகவரி தரவில்லை, தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். ரூட்டருக்கும் கணினிக்கும் இடையிலேயே தொடர்பு அற்றுவிட்டது. தெருவரை தேட வேண்டுவதில்லை. மாறாக, 8.8.8.8 என்னும் எண்ணிற்குப் பிங் கட்டளை இட்டால் மறுமொழி வருகிறது, பெயர் இட்ட பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், வழி நன்றாக இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் அட்டவணைதான் கிட்டவில்லை. ரூட்டரில் அதன் முகவரியை மாற்றினால் போதும்.

செம்பூர் சகோதரியாருக்கு

தங்கள் மடலின் கடைசி வரியில், "கணினியை ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடுகிறது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுவே நோயின் பெயர். வங்கியின் பக்கம் தன் அடையாளச் சான்றினைக் காட்டுகையில், கணினி அதன் செல்லுபடிக் காலத்தைத் தன் கடிகாரத்துடன் ஒப்பிடுகிறது. கடிகாரம் பல ஆண்டு பின்தங்கியிருந்தால், செல்லத்தக்க சான்றும் செல்லாததாகவே தோன்றும். பாதுகாப்பில்லை என்று கூறிப் பக்கத்தைத் திறக்க மறுக்கும்.

மேசைக் கணினியின் மதர்போர்டில், நாணயம் போன்ற சி.ஆர். 2032 என்னும் பேட்டரி ஒன்று பதிந்திருக்கும். 3 வோல்ட் கொண்டது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கக்கூடிய மலிவான பொருள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழையது எந்தப் பக்கம் மேலாக இருந்ததென்று பார்த்து, அவ்வண்ணமே புதியதைப் பதித்துத் தேதியைச் சரிசெய்யுங்கள். பழைய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் கடைக்காரர் கூற்றில் ஒரு பகுதி உண்மை இருக்கவும் கூடும். தங்கள் கணினியில் விண்டோஸ் 10 ஓடுகிறதாயின், அதற்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்துவிட்டது. வங்கி வேலைக்கு அதை நெடுங்காலம் நம்பியிருத்தல் தகாது. அதை ஆர அமரச் சிந்தித்து முடிவு செய்யலாம். ஒரு சிறு பேட்டரியின் சாவுக்காக இன்றே ஓட வேண்டுவதில்லை.

இயந்திரத்தின் உள்ளே

கணினியைப் பற்றிப் பொதுவாகச் சில சொற்கள். விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருண்டிருக்கிறது என்றால், முதலில் மானிட்டரின் கேபிளை இருபுறமும் கழற்றிச் செருகுங்கள். பயனில்லையேல், பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் இரும்பு உடலைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை இறக்கிவிட்டு, ராம் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை மென்மையான அழிரப்பரால் துடைத்துத் தூளை அகற்றி, இருபுறக் கொக்கிகளும் மாட்டிக்கொள்ளும்வரை அழுத்திச் செருகுங்கள். இரண்டு பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் குற்றவாளி எது என்று தெரிந்துவிடும்.

சற்று நேரம் ஓடியபின் தானே அணைந்துபோகும் கணினிக்குப் பெரும்பாலும் வெப்பமே காரணம். வடநாட்டுக் கோடையின் புழுதி விசிறியையும் வெப்பத்தகடுகளையும் கம்பளிபோல் மூடிவிடும். அணைத்துப் பிளக்கைப் பிடுங்கியபின், விசிறியின் இறகு சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டு, தூரிகையால் தூசியை அகற்றுங்கள்.

தொட்டால் சுரீரென்று உறைக்கும் இரும்புப் பெட்டி, பிளக்கில் எர்த் இணைப்பு இல்லை என்பதைப் பெரும்பாலும் அறிவிக்கிறது. மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை நீளமாக இருப்பது, அது முதலில் இணைந்து இறுதியில் பிரிய வேண்டும் என்பதற்காகவே. அதை முறித்துவிட்டு இரண்டு முனைத் துளையில் செருகுவது உயிரோடு விளையாடுவதாகும். வாடகை வீடானாலும் வீட்டுக்காரரிடம் சொல்லி எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறவாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

ஹார்டு டிஸ்கிலிருந்து டிக், டிக் என்ற ஒலி கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். சரியாகிறதா என்று மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பது, எஞ்சியிருப்பதையும் அழிக்கும். இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ரூட்டர் போனால் வேறு வாங்கலாம். கணினி போனாலும் வாங்கலாம். பாட்டியின் சதாபிஷேகப் படங்களையும், மறைந்த தந்தையின் குரலையும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது. எனவே அரியனவற்றிற்கு மூன்று பிரதிகள், இரு வேறு வகைப் பொருள்களில், ஒன்றேனும் வீட்டிற்கு வெளியே இருக்கட்டும். ஊரிலுள்ள தம்பி வீட்டில் ஒரு டிஸ்க்கை வைத்தாலும் போதும்.

யாரை அழைப்பது, யாரை நம்பாதிருப்பது

வீட்டிற்குள் பழுதில்லை என்று உறுதியானால் நிறுவனத்திடம் முறையிடுங்கள். முறையீட்டு எண்ணைக் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, முறையீட்டு மையத்தின் தீர்வு மனநிறைவு தரவில்லையெனில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அங்கே உங்கள் பக்கம் நின்று பேசுவன அந்த எண்ணும், நீங்கள் எழுதிவைத்த தேதிகளுமே.

நாம் அழையாமலே தொலைபேசியில் வந்து, "உங்கள் கணினியில் கிருமி புகுந்துவிட்டது, நான் சொல்லும் செயலியை இறக்குங்கள்" என்பவரை ஒருபோதும் நம்பாதீர்கள். அச்செயலியின் வழியே உங்கள் திரை அவர் கைக்குப் போய்விடும். அவர் தமிழிலேயே பேசினாலும் நம்பாதீர்கள். அயலூரில் தாய்மொழி கேட்டவுடன் உருகும் நம் நெஞ்சை அவர் நன்கறிவார். பணம் பறிபோயிருந்தால் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

இறுதியாக ஒன்று. ஞாயிறு மாலைப் பேச்சு அறுந்துபோவதற்குக் காரணம் நம் வீட்டில் இருக்க வேண்டும் என்பது இல்லை. ஊரிலுள்ள பெற்றோர் வீட்டிலும் இருக்கலாம். நம் வீட்டிலிருந்து வேறொருவருடன் பேசிப் பாருங்கள். அது தெளிவாக இருந்தால் நோய் அங்கேதான். அப்போது எழுபத்தைந்து வயதுத் தாயாரிடம் தொலைபேசியில், "ரூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அம்மா" என்றால் அவர் என் செய்வார்? அடுத்த முறை ஊருக்குச் செல்கையில் ஒரு சிறு வேலை செய்துவிட்டு வாருங்கள். ரூட்டரின் பிளக்கிற்குச் சிவப்பு நாடா ஒன்றைச் சுற்றிவிடுங்கள். அருகில் சுவரில், தடித்த எழுத்தில், தமிழில் எழுதி ஒட்டுங்கள்: "படம் வராவிட்டால் சிவப்பு நாடா உள்ள ஸ்விட்சை அணைக்கவும். நூறு எண்ணவும். மறுபடி போடவும். விளக்கு பச்சையாகும்வரை காத்திருக்கவும். சிவப்பாகவே இருந்தால் மகனுக்குப் போன் செய்யவும்." ரூட்டரின் விளக்குகள் எந்த நிறத்தில் எரிந்தால் நலம் என்பதைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப எழுதுங்கள். நீங்கள் புறப்படுமுன், அவர்களையே ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள்.

அடுத்த திங்கள், மின்வெட்டின்போது ரூட்டரையும் கணினியையும் காக்கும் யூ.பி.எஸ். பற்றிக் காண்போம். ஐயங்களை எழுதுவோர், என்ன விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன்.